கதாநாயகி வராத நாடகம்

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் வேலை இல்லை. மரத்தில் கத்தி போட்ட கோட்டின் வழியாகத் தண்ணீர் இறங்கினால் சிரட்டையில் பால் தங்காது. கலந்து வழிந்து போகும். ஆகவே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்போம், கங்காணி வானத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், திரும்பி வருவோம். அன்றைக்குச் சம்பளம் கிடையாது. எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். நானும் தொங்கப் போட்டுக்கொள்வேன். ஆனால் லயத்து வீட்டுக்கு வந்து பால் வெட்டும் கத்தியைக் கூரையில் செருகிய பத்தாவது நிமிடத்தில் என் போன் அரிசி டின்னில் சாய்ந்து நிற்கும், நான் கொரியாவில் இருப்பேன்.

எங்கள் பக்கம், கரவனெல்லவைச் சுற்றி, வருடத்தில் பாதி நாள் மழைதான். நான் பார்த்திருக்கும் நாடகங்கள் எத்தனை என்பதை அதை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லோரையும் போல டிவியில் சிங்களம் பேசிய கொரிய ராஜா ராணிக் கதைகளைத்தான் பார்த்தேன். பிறகு தம்பி ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். எனக்கு இருக்கிற ஒரே கூடப் பிறந்தவன் அவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், அம்மா போனபிறகு நான் குளிப்பாட்டி வளர்த்தவன், கொழும்பில் ஒரு அச்சகத்தில் வேலை. போனை எப்படித் திறப்பது, எங்கே தேடுவது, சிங்கள எழுத்து ஓடுகிற நாடகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் அவன்தான் சொல்லித் தந்தான். வாரத்துக்கு ஒன்று அனுப்புவான். "அக்கா, இதப் பாரு" என்று மட்டும் இருக்கும். அவன் அனுப்பியதில் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. ஆளாகத்தான் அவன் வராமல் இருந்தான். அப்பாவின் சாவுக்கு வந்து போனவன், அதற்குப் பிறகு நான்கு வருடம் லயத்துக்குள் காலை வைக்கவில்லை. கேட்டால் அச்சகத்தில் வேலை கூட என்பான். நானும் நம்புகிறமாதிரி இருந்தேன்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதற்குப் பிறகு கீழே இருக்கும் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். அதனால் சிங்களம் மளமளவென்று வாசிப்பேன். தமிழை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளைப் படித்து விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் அக்காவின் கதை நேர்மாறு. அவர் வாய்ச் சிங்களத்துக்குக் கரவனெல்லச் சந்தையே பயப்படும். மீன்காரன் அவர் வருவதைக் கண்டால் தராசைத் துடைத்து வைப்பான். ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே மழை நாட்களில் அவர் வெற்றிலைப் பையோடு வந்து என் பக்கத்தில் உட்காருவார். திரையில் கொரியன் பேசுவார்கள், கீழே சிங்களம் ஓடும், நான் தமிழில் சொல்வேன்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சிங்களத்தில் காதலனை அண்ணன் என்று கூப்பிடுவது வழக்கம். அதை அப்படியே தமிழில் சொன்னால் எங்கள் அக்கா செருப்பைத் தேடுவார். அதனால் அந்த இடங்களில் எல்லாம் நான் "மச்சான்" போட்டுவிடுவேன். கொரியாவில் எத்தனை பெரிய கம்பனி முதலாளியாக இருந்தாலும் என் வாயில் அவன் மச்சான்தான். அக்காவுக்கு அதில் திருப்தி. "மொற இருக்குன்னா ஏன் அந்தத் தாய்க்காரி வேணாங்குறா?" என்று கேட்பார். அந்தத் தாய்க்காரி ஏன் வேண்டாம் என்கிறாள் என்பதற்குப் பதினாறு எபிசோட் தேவைப்படும்.

இந்த எழுத்துகளைப் போடுகிறவர்கள் எங்கோ இருக்கும் சிங்களப் பிள்ளைகள். யாரும் கேட்காமல், யாரும் கூலி கொடுக்காமல் செய்கிறார்கள். ஒரு பிள்ளை ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு வரி எழுதும். "இதில் கொஞ்சம் அழ வேண்டி வரும், மன்னிக்கவும்" என்று ஒருமுறை எழுதியிருந்தது. அழுதோம். மன்னித்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்தில் மரங்களுக்கெல்லாம் பொலித்தீனில் பாவாடை கட்டினார்கள். மழைத் தண்ணீர் சிரட்டைக்குள் இறங்காமல் அது தடுக்கும், சின்ன மழைக்கெல்லாம் இனிப் பால் வெட்டலாம் என்றார் துரை. கூடுதல் வேலை நாள் என்று சனம் சந்தோஷப்பட்டது. அன்றைக்கு நானும் அக்காவும் ஒரு டாக்டர் கதையில் பாதியில் நின்றிருந்தோம். ஆபரேஷன் மேசையில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு எட்டு நாள் பால் வெட்டப் போனோம். ஒன்பதாம் நாள் பெரிய மழை வந்துதான் அவன் பிழைத்தான்.

இப்படி ஒரு பெரிய மழை வாரத்தில்தான் தம்பி ஒரு தாய்லாந்து நாடகத்தை அனுப்பினான். வழக்கம் போல "அக்கா, இதப் பாரு." அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது: "முடிஞ்சா கடைசி வரைக்கும் பாரு." இப்படி அவன் எழுதியதே இல்லை.

இரண்டு பையன்கள். ஒருத்தன் நெட்டை, பணக்காரன், சிடுமூஞ்சி. இன்னொருத்தன் குட்டை, வாய்க்காரன், சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறான். இரண்டு பேருக்கும் ஆகாது. சரி, இரண்டு பேரும் ஒரே பெண்ணைக் காதலிக்கப் போகிறார்கள் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். முதல் பகுதியில் பெண் வரவில்லை. இரண்டாவதில் ஒரு பெண் வந்தாள், நெட்டையனின் தங்கச்சி. மூன்றாவதில் நெட்டையனுக்குக் காய்ச்சல், குட்டையன் கஞ்சி வைத்துக் கொடுத்தான்.

"பொம்பளப் புள்ள எப்ப வருவா?" என்று அக்கா கேட்டார்.

"வருவா. இன்னும் பதினோரு எபிசோட் இருக்குல்ல."

நான்காவது பகுதியில் மழையில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நின்றார்கள். பாட்டுப் போட்டார்கள். நாடகத்தில் எந்த இடத்தில் பாட்டுப் போடுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. நான் வாயை மூடிக்கொண்டேன். அக்கா பாக்கு வெட்டுவதை நிறுத்தினார்.

"பொம்பளப் புள்ள வரமாட்டா போல," என்றார் அக்கா.

"வரமாட்டா."

அக்கா பாக்கை வாயில் போட்டு, நன்றாக மென்று, யோசித்தார். "அந்தக் குட்டைப் பய நல்லவனாத்தான் இருக்கான். போடு."

போட்டேன். ஆனால் எனக்கு அதற்குப் பிறகு எழுத்து சரியாக ஓடவில்லை. தம்பி ஏன் இதை அனுப்பினான் என்பது தெரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. அவனுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் அவன் பேச்சை எப்படி மாற்றினான் என்பது எனக்குத் தெரியும். அச்சகத்துக்குப் பக்கத்து பேக்கரியில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பையனோடு ஒரே வாடகை அனெக்ஸில் ஏழு வருடமாக இருக்கிறான் என்பதும் தெரியும். தெரிந்ததையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கூரையடி அட்டத்தில் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பின்னேரம் அவனே போன் எடுத்தான்.

"பாக்குறியா?"

"பாக்குறேன். நாலு முடிஞ்சிச்சு."

"எப்படி இருக்கு?"

"குட்டைப் பய நல்லவன்னு பக்கத்து அக்கா சொல்றாங்க."

"அந்த அக்கா என்ன சொல்றாங்கன்னு கேக்கல," என்றான்.

"இன்னும் பத்து இருக்கு. முடியட்டும், சொல்றேன்," என்றேன். அந்த இடத்தில் அதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்பதாவது பகுதியில் நெட்டையன் குட்டையனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். பெரிய வீடு, நீள மேசை. அம்மாக்காரி அதுவரை ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசாதவள். எல்லோரும் உட்காருகிறார்கள். குட்டையன் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நிற்கிறான். அம்மாக்காரி தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். அவன் உட்கார்ந்ததும் மீனில் முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டை அவன் சோற்றின்மேல் வைக்கிறாள். பேச்சே இல்லை. கீழே எழுத்தும் இல்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் அக்கா.

"ஒன்னும் சொல்லல. சாப்பிடுறாங்க."

அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா நாடகத்துக்காக அழுகிறேன் என்று நினைத்தார். நாங்கள் நாடகத்துக்கு அழுவது வழக்கம்தான், அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அழுதது அப்பாவின் சாவுக்காக. அதாவது, அன்றைக்கு நான் செய்ததற்காக.

சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அப்பா இறந்தது விடியற்காலை. பத்து மணிக்கெல்லாம் தம்பி வந்துவிட்டான், கூடவே அந்தப் பையன். பேக்கரியில் போட்ட சூட்டோடு ஒரு மூட்டைப் பாணைத் தோளில் சுமந்து லயத்து மேட்டில் ஏறி வந்தான். வந்தவர்கள் போனவர்கள், பந்தல் போட்டவர்கள், குழி வெட்டப் போனவர்கள், எல்லோரும் அன்றைக்கு அவன் பாணைத்தான் சம்பலோடு சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். அவன் ஒரு மூலையில் நின்று பாணை வெட்டிக்கொண்டே இருந்தான்.

அடக்கம் முடிந்து குளித்து வந்ததும் சொந்தக்காரர்கள் சோறு கொண்டு வந்து போட்டார்கள். எங்களில் ஒரு முறை இருக்கிறது. அந்த முதல் சோற்றை வீட்டு ஆட்கள் உள்ளே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மற்றவர்களுக்கு வெளியே பந்தலில். தம்பி உட்கார்ந்தான். அந்தப் பையன் அவன் பக்கத்தில் உட்காரப் போனான். நான் சத்தமாக, ஆனால் நல்ல குரலில்தான் சொன்னேன், சிரித்துக்கூடச் சொன்னேன்: "மல்லி, ஒயா எலியென் வாடிவென்ன. மெத்தன கெதர அயட்ட." தம்பி, நீங்க வெளியில உக்காருங்க. இது வீட்டு ஆளுங்களுக்கு.

அவன் "ஹரி அக்கே", சரி அக்கா என்று உடனே எழுந்து போனான். பந்தலின் கடைசி வாங்குப் பலகையில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தம்பி தன் இலையில் விழுந்த சோற்றைப் பார்த்தான். பிறகு இலையை மடிக்காமல் அப்படியே எழுந்து வெளியே போய் அந்த வாங்கில் உட்கார்ந்தான். அப்பாவின் சோற்றை மகன் சாப்பிடவில்லை என்று பெரியப்பா என்னிடம் கோபித்தார். நானும் தம்பியிடம் கோபித்துக்கொண்டேன். முறை தெரியாத பயல் என்று நினைத்தேன். முறை எனக்குத்தான் தெரியவில்லை என்பதை ஒரு தாய்லாந்துக்காரி மீனில் முள் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. நாள் முழுவதும் அவன் கையால் தின்றுவிட்டு, சோறு என்று வந்ததும் வெளியாள் ஆக்கியிருக்கிறேன்.

நாடகத்தைக் கடைசி வரை பார்த்தோம். நல்லபடியாக முடிந்தது. தம்பிக்கு "முடிஞ்சிச்சு. நல்லா இருந்திச்சு" என்று அனுப்பினேன். அவன் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினான். அதற்குமேல் போகத் தெரியாமல் இரண்டு பேரும் அடுத்த நாடகத்துக்குப் போய்விட்டோம். அதற்குப் பிறகு அவன் அனுப்பியவற்றில் கதாநாயகி வந்தாளா வரவில்லையா என்று அக்கா கேட்பதை விட்டுவிட்டார். வந்தால் சரி, வராவிட்டாலும் சரி, அழ வைக்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

போன வருடம் என் மகள் வயதுக்கு வந்தாள். எங்களில் அந்தச் செய்தி முதலில் தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். போன் எடுத்துச் சொன்னேன். தம்பி சந்தோஷப்பட்டான், அதில் சந்தேகமில்லை. சடங்குக்கு நாள் சொன்னேன். குரல் இறங்கியது.

"லீவு கெடைக்குமான்னு பாக்கணும் அக்கா."

அவன் "பாக்கணும்" என்றால் வரமாட்டான். நான் வளர்த்தவன், எனக்குத் தெரியாதா.

மாமன் வராவிட்டால் சடங்கு நின்றுவிடாது. பெரியப்பா மகனைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்தலாம். எத்தனையோ வீட்டில் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் ஒருமுறை வேறு ஆளை நிறுத்திவிட்டால், நீ இனி வரவே வேண்டாம் என்று நானே அவனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு எனக்குத் தம்பி என்று மிஞ்சப் போவது போனில் வருகிற நாடகங்கள் மட்டும்தான். அது எனக்குப் போதாது. நாடகப் பைத்தியமான எனக்கே போதாது.

மகள் உள்ளே இருந்து கேட்டாள்: "மாமா ரெண்டு பேரும் வருவாங்களா?"

"எந்த ரெண்டு பேரு?"

"பாண் மாமாவும்," என்றாள். அப்பா செத்தபோது அவளுக்கு எட்டு வயது. அவளிடம் யாரும் எதையும் விளக்கியதில்லை. விளக்காமலேயே அவள் முறை வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் தட்டு எடுக்க முடிவு செய்தேன். எங்கள் தோட்டத்தில் கல்யாணம் ஆகாத ஆளுக்குத் தட்டு எடுத்துப் போகிற வழக்கம் இல்லை. "வந்துரு" என்று வாயால் சொன்னால் போதும். குடும்பமாக இருக்கிறவர்களுக்குத்தான் வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டு. வீடு தேடிப் போக வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று நான்கு கையால் வாங்க வேண்டும். தம்பிக்குத் தட்டு கொண்டு போகிறேன் என்று பக்கத்து அக்காவிடம் சொன்னேன்.

"தட்டா? அவனுக்கா?"

"ஆமா."

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் வெற்றிலைப் பையைத் திறந்து, நல்ல இலையாகப் பொறுக்கித் துடைக்க ஆரம்பித்தார். "கிழிஞ்ச எலை வைக்கக் கூடாது. மாமன் வீட்டுக்குப் போற தட்டு," என்றார்.

என் வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. அவர் நாடகம் பார்க்காதவர். நாங்கள் அழும்போது கதவடியில் நின்று, "சோறு ஆக்கியாச்சா?" என்று கேட்கிற ஆள். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவிசாவளை வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவிசாவளையில் இறங்கியதும்தான் வாய் திறந்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் தட்டா?"

"சேத்துத்தான்."

"அப்ப ஒரு சீப்பு பத்தாது," என்று பழக் கடைப் பக்கம் போனார்.

அனெக்ஸ் என்றால் ஒரு அறையும் ஒரு குசினியும். ஒரு கட்டில். திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேருமே கட்டிலைக் கவனிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்தப் பையன் எங்களைக் கண்டதும் பதறிப்போய் பனிஸ் எடுத்து வைத்தான், தேத்தண்ணி போட்டான், இருக்கிற இரண்டு நாற்காலியையும் துடைத்தான். தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். நான் உட்காரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். நின்றார்கள்.

"புள்ளைக்குச் சடங்கு வச்சிருக்கோம். மாமன் வீட்டுல இருந்து குடும்பத்தோட வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்," என்று சொல்லித் தட்டை நீட்டினேன்.

தம்பி தட்டைப் பார்த்தான், நகரவில்லை. ஆனால் அந்தப் பையன் பயந்துவிட்டான், ஏன் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. சிங்களவர்களில் வெற்றிலையைச் சின்னவர்கள்தான் பெரியவர்களுக்குக் கொடுப்பார்கள். செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கவும் வெற்றிலைதான் கொடுப்பார்கள். அவனுக்குத் தமிழ் அரைகுறை, நான் சொன்னது பாதிதான் விளங்கியிருக்கிறது. வயதில் மூத்தவள் வெற்றிலை நீட்டுகிறாள் என்றால் வேறு என்ன நினைப்பான்? "அனே எபா அக்கே," வேண்டாம் அக்கா என்று சொல்லிக்கொண்டே என் காலில் விழப் போனான். நான் தட்டோடு பின்னால் நகர்ந்தேன். வாழைப்பழம் இரண்டு கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பொறுக்கித் துடைத்துத் திரும்பத் தட்டில் வைத்தார்.

தம்பி சிரித்துவிட்டான். சிங்களத்தில் அவனுக்கு விளக்கினான்: அக்கா மன்னிப்புக் கேட்க வரவில்லை, நம்மை அழைக்க வந்திருக்கிறார். ஆமாம் என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். அதற்கும்தான் வந்தேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

"யோசிச்சுத்தான் செய்யிறியா அக்கா?" என்றான் தம்பி.

"நாலு வருஷமா மழை பேஞ்சிருக்கு. யோசிக்க நேரம் இருந்திச்சு."

நான்கு கையும் சேர்ந்து தட்டை வாங்கின.

சடங்கன்று மழை இல்லை. கோயிலடியிலிருந்து மேளத்தோடு சீர்த் தட்டுகள் வந்தன. முதல் தட்டு தம்பி கையில், பட்டுப் பாவாடையும் தாவணியும். இரண்டாவது தட்டு அந்தப் பையன் கையில், அவனே செய்த கேக், ரோஜாப்பூக் கிறீமோடு. லயத்து வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். "யாரு அந்தச் சிங்களப் பையன்?" என்று பெரியப்பா வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். "மாமன் வீட்டு ஆளு," என்றார் பக்கத்து அக்கா. கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தார்கள். அக்கா சந்தையில் பேரம் முடித்துவிட்ட முகத்தோடு நின்றார். மகளுக்குத் தண்ணீர் ஊற்ற மாமி முறையில் ஒரு பெண் வேண்டும். அதற்குப் பெரியப்பாவின் மருமகளைக் கூப்பிட்டிருந்தோம். அந்த இடத்தில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

மத்தியானம் பந்தி போட்டோம். முதல் வரிசை வீட்டுக்குள், மாமன் வீட்டுக்கு. நானே இலை போட்டேன். தம்பி மகளோடு போட்டோ எடுத்து முடித்து வந்து உட்கார்ந்தான். அவன் பக்கத்து இலை காலியாக இருந்தது. சோறு வாளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன்.

அந்தப் பையன் பந்தலின் கடைசி வாங்கில், சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதே இடம். யாரும் அவனை அங்கே போகச் சொல்லவில்லை. முன்னால் ஒரு இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சோற்றுக்காகக் காத்திருந்தான். தட்டைக் கையில் வாங்கினான், சீர் கொண்டு வந்தான், கேக் வெட்டிக் கொடுத்தான். ஆனாலும் இந்த வீட்டில் சோறு என்று வந்தால் தன் இடம் எது என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தேன் அல்லவா, அதை அவன் மறக்கவில்லை.

பந்தலில் அறுபது பேர் இருந்தார்கள், பெரியப்பா உட்பட. நான் சத்தமாகத்தான் சொன்னேன், ஏனென்றால் அன்றைக்கும் சத்தமாகத்தான் சொன்னேன்.

"மல்லி, கெதர அய வாடிவென்னெ எத்துலெ."

வீட்டு ஆளுங்க உள்ளதான் உக்காருவாங்க. பந்தலில் சிங்களம் தெரியாதவர் ஒருவரும் இல்லை, அதனால் அதை யாருக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். எழுந்தான். தண்ணீர் தெளித்த இலையை அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, அதையும் கவனமாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். தம்பி நகர்ந்து இடம் விட்டான். நான் சோறு போட்டேன். கொஞ்சம் கூடவே விழுந்துவிட்டது. தம்பி தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவன் சோற்றின்மேல் வைத்தான். அவன் குனிந்து தம்பியிடம் ஏதோ முணுமுணுத்தான்.

பக்கத்து அக்கா சாம்பார் வாளியோடு என் பின்னால் வந்து நின்றார். என்னைவிட அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், காதும் கூர்மை. இருந்தாலும் பழக்கம் விடவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார்.

"ஒன்னும் சொல்லல அக்கா," என்றேன். "சாப்பிடுறாங்க."